முப்பத்தொன்றரை மீட்டர்

தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அமலராணி ஒலிம்பிக்கில் ஓடியவள் என்று சொன்னால் வரிசையில் நிற்கிற யாரும் நம்பமாட்டார்கள். "சில்லறையா குடும்மா" என்றுதான் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. கிரிக்கெட் டீமுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கினவனின் பெயரைக்கூடத் தூக்கத்தில் ஒப்பிக்கிற ஊர் இது. ஸ்டீப்பிள்சேஸ் என்றால் குதிரைப் பந்தயமா என்று கேட்கும். கிண்டி ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் இருப்பதால் வந்த வினை.

குதிரை இல்லை, மனுஷிதான். மூவாயிரம் மீட்டர் ஓட வேண்டும். வழியில் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற கட்டைகளை இருபத்தெட்டு முறை தாண்ட வேண்டும். அதுபோக, சுற்றுக்கு ஒருமுறை ஒரு கட்டைக்குப் பின்னால் தண்ணீர்க்குழி இருக்கும். கட்டைமேல் ஒரு காலை வைத்து எம்பி, குழியின் ஓரத்தில் இறங்கி, ஈர ஷூவோடு ஓட்டத்தைத் தொடர வேண்டும். அப்படி ஏழு குழி. ஒலிம்பிக்குக்குப் போக அந்த வருஷம் வைத்திருந்த அளவு ஒன்பது நிமிடம் நாற்பத்தைந்து நொடி. அமலராணி ஒன்பது நிமிடம் நாற்பத்து மூன்று புள்ளி ஆறில் ஓடினாள். போனாள். ஒன்பது வருஷமாக அவளுடைய வாழ்க்கை என்பது இந்த ஒரு எண்தான். 9:43.6.

பெருங்களத்தூரில் அவர்கள் குடியிருக்கும் வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச்சுவரில் ஒரு படம் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த 9:43.6 ஓட்டம் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்தது. கோட்டில் ஒன்பது பெண்கள் குனிந்து நிற்கிறார்கள். மூன்றாவதாக அமலராணி. அவளுடைய இடது காலுக்கு நேராக, பாதையின் உள்விளிம்பில், மழைத்தண்ணீர் வடிகிற இரும்புச் சல்லடை ஒன்று தெரியும். இந்தச் சல்லடையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் பிறந்தது பொழிச்சலூரில். தலைக்குமேல் விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்தி, அது போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வது அந்த ஊர்க்காரர்களின் பழக்கம். அமலராணியும் அப்படித்தான். இன்றைக்கும் கோபம் வந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மீதியைச் சொல்வாள். அப்பா அப்பாதுரை கொத்தனார். அம்மா நாகல்கேணியில் தோல் கம்பெனிக்குப் போனாள். பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் இவளைப் பார்த்துவிட்டு சுகுமார் சார் என்கிற கோச் சொன்னார்: "இந்தப் பொண்ணு வேகமா ஓடல. ஆனா நிக்கவும் மாட்டேங்குது." அப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு ஓட்டம் இருக்கிறது என்று கட்டையைத் தாண்ட வைத்தார். முதல் தண்ணீர்க்குழியில் முகம் குப்புற விழுந்தாள். எழுந்து ஓடி அந்தப் போட்டியில் மூன்றாவதாக வந்தாள்.

வண்டலூரைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரி மைதானத்தில் அவளுக்குப் பயிற்சி. தேவானந்தம் அங்கே மார்க்கர் வேலை பார்த்தான். கோடு போடுவது, கட்டைகளை இழுத்து வைப்பது, குழியில் தண்ணீர் நிரப்புவது, எல்லாம் அவன் வேலை. கோடை வந்தால் அந்தப் பக்கம் குடிக்கவே தண்ணீர் லாரியை எதிர்பார்க்க வேண்டும். விளையாட்டுக்குழிக்கு யார் தருவார்கள்? கோச்சுகள் வெறுங்குழியில் மணலைக் கொட்டித் தாண்டச் சொன்னார்கள். தேவானந்தம் மட்டும் லாரிக்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடி, டேங்கரின் அடியில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் குழியில் விட வைப்பான். "தண்ணில எறங்குறது வேற, மண்ணுல எறங்குறது வேற. உனக்கு மேட்ச்ல தண்ணிதான வெச்சிருப்பான்?" என்பான். அவனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள அவளுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

கல்யாணமான மறுவருஷம் அந்த மைதானத்திலேயே ஓபன் மீட் வைத்தார்கள். ஒலிம்பிக் அளவைத் தொட அதுதான் கடைசி வாய்ப்பு. முந்தின ராத்திரி பெருமழை. காலையில் வெயில் ஏறவில்லை, காற்றும் இல்லை. அன்றைக்கு ஓடிய ஒன்பது பேரில் எட்டுப் பேர் தங்கள் வாழ்நாளிலேயே நல்ல நேரத்தில் ஓடினார்கள். ஒன்பதாவது பெண் குழியில் கால் பிசகி உட்கார்ந்துவிட்டாள், இல்லாவிட்டால் அவளும் ஓடியிருப்பாள். மழை கழுவிய காற்று, குளிர்ந்த தரை என்று எல்லோரும் காரணம் சொன்னார்கள். சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்? எட்டுப் பேர் கையிலும் சான்றிதழ். ஒலிம்பிக் அளவைத் தொட்டது அமலராணி மட்டும். தரையில் உட்கார்ந்து அழுதாள். சுகுமார் சார் வண்டலூர் கடையில் இருந்த மைசூர்பாகு மொத்தத்தையும் வாங்கிவந்துவிட்டார்.

ஒலிம்பிக்குக்குத் தேறியதற்கு ஊரில் வரவேற்பு ஊர்வலம் வைத்தார்கள். ஆயுதபூஜைக்கு ஊருக்குப் போகிற கூட்டம் இல்லாத நாளிலேயே பெருங்களத்தூரில் வண்டி நகராது. திறந்த ஜீப்பும் தவிலும் சேர்ந்தால் கேட்கவேண்டுமா? ஒன்றரை மணி நேரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்றது. திருச்சி பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கைகொடுத்தார்கள். அவளுக்கு இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடியிருந்தால் பத்து நிமிடத்தில் வீடு.

ஒலிம்பிக்கில் தகுதிச்சுற்றோடு முடிந்துவிட்டது. அவள் ஓடிய சுற்றில் பதினெட்டுப் பேரில் பதினாறாவது. நேரம் 9:48.2. சொந்த நேரத்தைவிட நாலரை நொடி அதிகம். உலகமே பார்க்கிற இடத்தில், சொந்த மைதானத்தில் ஓடியதைக்கூட ஓட முடியவில்லையே என்று அவமானம் பிடுங்கித் தின்றது. இந்தியாவில் அப்போது சாயங்காலம். வீட்டுக்கு போன் போட்டு விக்கி விக்கி அழுதாள். "மோசமா ஓடிட்டேங்க. எல்லார் மானத்தையும் வாங்கிட்டேன்."

மறுமுனையில் தேவானந்தம் சொன்னான்: "பரவால்ல ராணி. அடுத்த தபா பாத்துக்கலாம்."

ஊருக்கு வந்ததும் ஓடும்போது மார்பில் குத்தியிருந்த எண் துணியைச் சுருட்டித் தகரப்பெட்டியின் அடியில் போட்டுப் புடவைகளை மேலே அடுக்கினாள். ஒலிம்பிக் பற்றி யார் கேட்டாலும் அந்த நேரத்தைச் சொல்லமாட்டாள். "என்னோட பெஸ்ட் நாப்பத்து மூணு புள்ளி ஆறு" என்பாள்.

அடுத்த மூன்று வருஷம் அந்த எண்ணைத் துரத்தினாள். விடிந்தும் விடியாமலும் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் மைதானத்துக்குப் போவார்கள். அவள் ஓடுவாள், அவன் ஸ்டாப்வாட்ச் பிடிப்பான். 9:51. 9:50. 9:52. ஒருமுறை 9:49.9. "இன்னும் ஆறு செகண்டுதான் ராணி" என்று அவன் சொல்வான். அந்த ஆறு நொடி ஒருநாளும் வரவில்லை. சோற்றைக் குறைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போவதைக்கூட விட்டுவிட்டு ஓடினாள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் கோடு விட்டது. நாலு மாதம் கட்டில். எழுந்து மறுபடி ஓடினாள். குழந்தையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள், அதற்கடுத்த வருஷமும் தள்ளிப்போட்டாள். பிறகு அது வரவே இல்லை. டாக்டர் காலெலும்புக்கும் அதற்கும் சேர்த்து ஒரே காரணம் சொன்னார்: உடம்பை ரொம்பப் படுத்தியிருக்கீங்க.

எலும்பு இரண்டாம் முறை விட்டதும் ஓட்டம் நின்றது. ஒருமுறை ஓட முடிந்ததை ஏன் மறுபடி ஓட முடியவில்லை என்ற கேள்வி மட்டும் நிற்கவில்லை. தன்னிடம்தான் ஏதோ குறை, மனசில் உறுதி இல்லை, கடவுள் ஒருநாளைக்கு மட்டும் கொடுத்தார் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் போட்டி நடத்துகிற அதிகாரிகளுக்கான தேர்வு எழுத விண்ணப்பித்தாள். ஓடத்தான் முடியாது, விசிலும் அளவு நாடாவுமாகவாவது மைதானத்தில் இருக்கலாமே என்ற ஆசை. செய்முறைத் தேர்வில் ஸ்டீப்பிள்சேஸ் பாதையை அளந்து காட்டச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழைய கல்லூரி மைதானத்துக்குப் போனாள். கூடவே அதே தேர்வு எழுதுகிற மிருதுளா. சேலையூர் காலனிக்காரி, பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர்.

ஒரு சுற்றை அளந்தார்கள். ஏழால் பெருக்கினார்கள். மூவாயிரத்தில் கழித்து, மிச்சத்தை முடிவுக் கோட்டிலிருந்து பின்னோக்கி அளந்துகொண்டே வந்தார்கள். கணக்கு ஒரு வெள்ளைப் புள்ளியில் வந்து நின்றது. பாதையின் உள்விளிம்பில் பெயின்டால் வைத்த புள்ளி. தொடக்கக் கோடு போடவேண்டிய இடம்.

"கரெக்டா வந்துடுச்சு மேடம்!" என்றாள் மிருதுளா. நாடாவைச் சுற்றிக்கொண்டே முன்னால் நடந்தவள் நின்று குனிந்தாள். "மேடம், இங்க ஒரு யெல்லோ மார்க் இருக்கு, பாருங்க. இது எதுக்கு?"

அமலராணி போய்ப் பார்த்தாள். மங்கிய மஞ்சள் புள்ளி. அதன் பக்கத்தில் இரும்புச் சல்லடை.

மைதானத்து வாட்ச்மேனுக்குக் காரணம் தெரிந்திருந்தது. தண்ணீர்க்குழிக்குப் போகிற வளைவைப் புதிதாகப் போட்டபோது பாதை சுற்றுக்கு நாலரை மீட்டர் சுருங்கிவிட்டதாம். ஏழு சுற்றுக்கு முப்பத்தொன்றரை மீட்டர். அந்த அளவுக்குத் தொடக்கக் கோட்டைப் பின்னால் தள்ளி வெள்ளைப் புள்ளி வைத்தார்களாம். மஞ்சள், பழைய பாதைக்கு வைத்தது.

"வளைவ எப்ப மாத்தினாங்க?" என்று கேட்டாள் அமலராணி.

"அது ஆச்சும்மா பத்து வருசம். உங்க வூட்டுக்காரர்தான வெள்ளப் புள்ளி வெச்சாரு, உங்களுக்குத் தெரியாதா?"

பத்து வருஷம். அவள் ஓடியது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். படத்தைப் போய்ப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. சல்லடைக்கு நேராகத் தன் இடது கால் இருந்ததை ஒன்பது வருஷமாகச் சோறு சாப்பிடும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். அவள் ஓடியது மூவாயிரம் மீட்டர் இல்லை. முப்பத்தொன்றரை மீட்டர் குறைவு. அவளுடைய வேகத்துக்கு அது ஆறு நொடி. மூன்று வருஷம் துரத்தியும் கைக்கு வராத அதே ஆறு நொடி.

மிருதுளாவைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தாள். தேவானந்தம் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். சுவரிலிருந்த படத்தைக் கழற்றி மேஜைமேல், பூண்டுத் தோலுக்கு நடுவில் வைத்தாள். சல்லடைமேல் விரலை வைத்தாள். அவன் பார்த்தான். என்ன என்று கேட்கவில்லை. கேட்காததிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள்.

"அன்னிக்கு சாயங்காலமே."

"சொல்லு."

பத்து வருஷத்தில் அவனை அவள் 'ங்க' போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் பூண்டை மேஜைமேல் வைத்தான்.

"ராத்திரியெல்லாம் மழ. மூணு மணிலேர்ந்து தண்ணிய எறச்சிகினே இருந்தேன். வெள்ளப் புள்ளி மேல சேறு ரொம்பிகினு கீது. கை பாட்டுக்கு மஞ்சளாண்ட போயி ஸ்டார்ட்டிங் லைன் டேப்ப ஒட்டிட்ச்சி. ஆறு வருசப் பழக்கம் ராணி. சத்தியமா வேணும்னு செய்யல. எல்லாம் முடிஞ்சி ஓஸ் பைப் போட்டு கழுவுறேன், வெள்ளப் புள்ளி வெளிய வருது. அப்படியே குந்திட்டேன். சுகுமார் சாராண்ட ஓடிப் போய் சொன்னேன். அந்தப் பொண்ணு டிக்கெட்ட நீயே கிழிக்கப் போறியா, வாய மூடினு போன்னாரு."

"மூடினு வந்துட்ட."

"நீ அழுதுகினு சிரிச்சிகினு குந்தினு கீற. நான் எப்படி சொல்றது?"

தலைக்குமேல் விமானம் எதுவும் போகவில்லை. இருந்தும் அமலராணி கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்தினாள். மீதியை நிதானமாகச் சொன்னாள்.

"கோடு தப்பாப் போட்டதுக்கு உன்ன ஒண்ணும் கேக்கல. ஒலிம்பிக் அனுப்புற ஆசைல மூடினதக்கூட விட்டுடறேன். அதுக்கப்புறம் மூணு வருசம் வாட்ச்ச கைல வெச்சினு, இன்னும் ஆறு செகண்டு, இன்னும் ஆறு செகண்டுன்னு சொன்னியே. என் கால் எலும்பு விட்டுச்சு. வயித்துல ஒண்ணும் தங்கல. அந்த ஆறு செகண்டு இல்லவே இல்லன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சிகினே காலைல எழுப்பி இட்டுனு போன. அப்ப என்னா நெனச்சிகினு நின்ன நீ?"

தேவானந்தம் அழுதான். "நீ ஒரு தபா அந்த டைம தொட்டுட்டா, பொய்யி நெஜமாயிடும்னு நெனச்சேன். தொட்டுருவன்னுதான் நம்பினேன், ராணி."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கசந்தது. அவனுடைய மனசாட்சியைச் சுத்தம் பண்ண அவள் கால் ஓடியிருக்கிறது. அன்றைக்கு வீட்டில் யாரும் கறி சாப்பிடவில்லை.

சுகுமார் சார் இப்போது கேளம்பாக்கத்தில் அகாடமி வைத்திருக்கிறார். வாசல் பலகையில் 'ஒலிம்பிக் வீராங்கனையை உருவாக்கியவர்' என்று எழுதியிருக்கும். அமலராணி போன் செய்தாள். அவர் கோபப்படக்கூட இல்லை. "எதுக்கும்மா இப்ப இத தோண்டற? அந்த டைம வெச்சி எட்டுப் பொண்ணுங்க வேலைக்குப் போயிருக்காங்க. நீ உட்பட. யாருக்கு நஷ்டம், சொல்லு?" என்றார். யாருக்கு நஷ்டம் என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள், கிளாஸ் இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

தடகளச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். என் நேரம் மூவாயிரம் மீட்டருக்கு உரியது அல்ல, நீக்கிவிடுங்கள் என்று. மூன்று வாரம் கழித்து ஒருவர் போனில் பேசினார். பழைய முடிவை மாற்றுவதற்கு நடைமுறை இல்லையாம். "மேடம், ரெக்கார்டு வேணும்னு கேட்டு வருவாங்க. வேணாம்னு கேட்டு யாரும் வந்ததில்ல" என்று சிரித்தார்.

சரி, நீங்கள் நீக்காவிட்டால் நான் நீக்கிக்கொள்கிறேன் என்று ஒரு விடுமுறை நாள் மத்தியானம் பழைய டைரியை எடுத்து உட்கார்ந்தாள். பதினாறு வருஷத்தில் ஓடிய ஓட்டமெல்லாம் அதில் இருந்தது. ஒரு தாளில் நல்ல நேரங்களை வரிசையாக எழுதினாள். முதலில் 9:43.6. அதன்மேல் பேனாவால் அழுத்தி அடித்தாள். அடுத்து என்ன என்று பார்த்தாள்.

9:48.2.

அமலராணி பேனாவைக் கீழே வைத்தாள். திரும்ப ஒருமுறை டைரியைப் புரட்டிப் பார்த்தாள். வேறு எதுவும் அதைவிட வேகம் இல்லை. தன் ஆயுளிலேயே நன்றாக ஓடிய ஓட்டம் ஒலிம்பிக்கில் ஓடியதுதான். உலகமே பார்த்த இடத்தில், எத்தனை வேகமாக அவளால் ஓட முடியுமோ அத்தனை வேகமாக அன்றைக்கு ஓடியிருக்கிறாள். ஓடி முடித்துவிட்டு வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு அழுதிருக்கிறாள்.

தேவானந்தம் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். அவள் தாளோடு போய் நின்றாள்.

"ஒலிம்பிக்குலேர்ந்து நான் போன் பண்ணப்ப உனக்கு இது தெரியும்ல?"

அவன் தாளைப் பார்த்தான். அடித்ததையும், அதற்குக் கீழே இருந்ததையும். அவன் கையில் இருந்த ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது.

"தெரியும்."

"மோசமா ஓடிட்டேன்னு அழுதேன். நீ இன்னா சொன்ன?"

அவன் ஈரத்துணியைக் கொடியில் போட்டான்.

"அடுத்த தபா பாத்துக்கலாம்னு சொன்ன. என் வூட்டுலயே ஒருத்தனுக்குத் தெரியும், நான் அன்னிக்கு எவ்ளோ நல்லா ஓடனேன்னு. அவன் இத சொன்னான்."

"நல்லா ஓடன ராணி. உன் லைஃப்லயே அன்னிக்குத்தான்..."

"வேணாம்" என்றாள். "இப்ப வேணாம்."

தேர்வில் தேறிவிட்டாள். இப்போது மைதானத்தில் மீட் நடந்தால் அவளும் ஒரு அதிகாரி. தேவானந்தம் வழக்கம்போலக் கோடு போடுகிறான். அவன் போட்டு முடித்ததும் அவள் நாடாவைக் கொண்டுவந்து, அவன் கண்ணெதிரிலேயே இரண்டு முறை அளக்கிறாள். அவன் ஓரமாக நின்று காத்திருக்கிறான். சரியாக இருக்கிறது என்று அவள் தலையசைத்த பிறகுதான் அடுத்த கோட்டுக்குப் போகிறான். வீட்டில் சமைக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், ஒரே ஸ்கூட்டரில் போய் வருகிறார்கள். 'ங்க' மட்டும் திரும்பவில்லை.

பழைய படம் இருந்த ஆணியில் அவள் தகரப்பெட்டியிலிருந்து எடுத்த எண் துணியை மாட்டியிருக்கிறாள். ஓரத்தில் பேனாவால் 9:48.2 என்று எழுதியிருக்கிறாள். அதைப் பற்றி அவனிடம் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் சாப்பிட உட்காரும்போது அது நேர் எதிரில் இருக்கும்.